பதினாறு கவுன்ட்டரும் ஒரு குதிரையும்

டோக்கனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது ஒரு வதந்தி. கிளப்பியவர் அவருடைய எதிர்வீட்டுக்காரர். பல வருடங்களுக்கு முன் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போய்விட்டது என்று அழாக்குறையாக வந்து நின்றார். டோக்கன் போய்ப் பார்த்து, சுவரில் ஸ்விட்ச் போடாமல் இருந்ததைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டு வந்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், சொந்தக்காரர்களின் தெருக்காரர்கள் வரை எல்லோரும் "எதை வாங்கலாம்?" என்று அவரிடம்தான் வந்தார்கள். ஆரம்பத்தில் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். தன்னடக்கம் என்றார்கள். மறுப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே, பிறகு அதையும் விட்டுவிட்டார்.

அவருடைய உத்தியோகம் வேறு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பெயர் பதியும் கூடத்துக்கு அவர் மேற்பார்வையாளர். காலையில் கதவு திறந்ததும் டோக்கன் கொடுப்பது, வரிசையில் நடுவில் நுழைகிறவரைப் பின்னால் அனுப்புவது, "நான் பெரிய டாக்டருக்குத் தெரிஞ்சவன்" என்கிறவரிடம் "நானும்தான் சார்" என்று சொல்லி அவரையும் பின்னால் அனுப்புவது, கூட்டம் முட்டும்போது மூடிக்கிடக்கும் கவுன்ட்டர்களைத் திறக்கவைப்பது. இதையே இத்தனை வருடம் செய்ததில் வீட்டிலும் வெளியிலும் பெயரே டோக்கன் என்று ஆகிவிட்டது. மாலையில் கூடம் காலியாகும்போது அவரும் ஏறக்குறையக் காலியாகியிருப்பார். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவார். அதில் அவருக்கு நல்ல தேர்ச்சி.

ஆனால் அக்காவுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றதும் தூக்கம் கலைந்துவிட்டது.

மற்றவர்களுக்குத் தப்பாக வாங்கிக்கொடுத்தால் அவர்கள் கொஞ்ச நாள் பேசமாட்டார்கள். டோக்கன் அதை ஓய்வாக எடுத்துக்கொள்வார். அக்கா விஷயம் அப்படியில்லை. அத்தான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகுத்தண்டு பிசகி வீட்டோடு உட்கார்ந்த பிறகு குடும்பம் ஓடுவது அக்காவின் கம்ப்யூட்டரில்தான். துணியில் எம்பிராய்டரி போடும் பெரிய மெஷின்களுக்கு அவள் தையல் வரைந்து கொடுப்பாள். ஒரு படத்தைக் கொடுத்தால், ஊசி எங்கே இறங்க வேண்டும், அங்கிருந்து எங்கே போக வேண்டும், எந்த நூலை எப்போது வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகத் தீர்மானித்து ஃபைலாக்கித் தருவது வேலை. "ஊசிக்கு வழி சொல்றேன்" என்பாள். இதுவரை சட்டைப்பையில் போடும் சின்னச் சின்ன முத்திரைகள்தான் வந்துகொண்டிருந்தன. இப்போது குளிருக்குப் போடும் ஜாக்கெட் தைக்கிற தொழிற்சாலை ஒன்று, ஜாக்கெட்டின் முதுகு முழுக்க வருகிற மாதிரி பாய்ந்தோடும் குதிரை ஒன்றைக் கொடுத்து, சனிக்கிழமை மதியத்துக்குள் கேட்டிருந்தது. நூல் அறுபடாமல் குதிரை தைத்து வந்தால் சீசன் முழுக்க எல்லா முதுகும் அக்காவுக்கு. இல்லையென்றால் வேறொருவருக்கு.

"எனக்கு முதுகு போச்சு, அவளுக்கு முதுகு வந்திருக்கு. கணக்கு நேராயிடுச்சு மச்சான்" என்றார் அத்தான்.

சிக்கல் குதிரையின் பிடரிமயிரில் இருந்தது. ஒரு இழையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் அந்த ப்ரோக்ராம் முதல் தையலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போடும். பழைய கம்ப்யூட்டர் அதற்குள் மூச்சுவாங்கி, மின்விசிறி அலறி, சில நேரம் சூடு தாங்காமல் தானே அணைந்துவிடும். வரைந்ததும் அதோடு போய்விடும்.

"நீயே பாத்து ஒண்ணு வாங்கிட்டு வாடா. எனக்கு அந்தக் கடைக்குள்ள போனாலே தலை சுத்துது" என்றாள் அக்கா.

கடைக்குள் போனதும் டோக்கனுக்கும் தலை சுற்றியது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தாடி வைத்த விற்பனையாளர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். விலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

"இது புதுசு சார். ஆறு கோர், ஸ்பீடு ஜாஸ்தி. அது பெரிய கம்பெனியில இருந்து வந்தது, கொஞ்சம் பழசு, ஆனா பதினாறு கோர். ஸ்பீடு பாதிதான் இருக்கும்."

"கோர்னா?" என்று கேட்டுவிட்டு, தெரியாமல் கேட்டதாக இருக்கக்கூடாதே என்று, "நீங்க எப்படிச் சொல்றீங்கன்னு பாக்கறேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"உள்ள உக்காந்து வேலை செய்ற ஆளுங்கன்னு வெச்சுக்கங்க சார். ஸ்பீடு, இந்த கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கே, அது ஒரு ஆளோட கைவேகம். அதுலயும் பழைய ஆளோட மூணு கிகாஹெர்ட்ஸும் புது ஆளோட மூணு கிகாஹெர்ட்ஸும் ஒண்ணு இல்ல. புது ஆள் ஒரே வீச்சுல நிறைய அள்ளுவான். என்ன வேலைக்கு சார் வேணும்?"

"தையல் வரையறதுக்கு. எம்பிராய்டரி. ஒரு படத்துல ஆயிரக்கணக்குல தையல் இருக்கும், பாத்துக்கங்க."

"நிறைய கோர் இருந்தா நல்லதுதான். ஆனா அந்த சாஃப்ட்வேர் எல்லாக் கோரையும் வேலை வாங்குமான்னு விசாரிச்சீங்களா?"

அந்த இடத்தில் விசாரித்திருக்க வேண்டும். ஆனால் டோக்கனின் மனக்கண்ணில் ஆயிரக்கணக்கான தையல்கள், காலையில் ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நிற்கிற மாதிரி கையில் சீட்டோடு வந்து நின்றுவிட்டன. ஆயுள் முழுக்க அவர் பார்த்தது கூட்டம். கூட்டத்துக்கு அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. உட்கார்ந்திருப்பவர் ஆமையாக இருந்தாலும் பரவாயில்லை, இன்னொரு கவுன்ட்டரைத் திற. ஆறு கவுன்ட்டரோடு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பதினாறு கிடைக்கும் என்றால் விடுவாரா?

"தம்பி, கூட்டத்தை எப்படிச் சமாளிக்கணும்னு எனக்கே சொல்லித் தரீங்களா?" என்றார்.

தாடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் சிரித்ததால் அவரும் சிரித்து வைத்து, பதினாறைப் பெட்டியில் போட்டார்.

அக்கா வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் அதை வைத்து, ஒயர்களைச் செருகி, டோக்கன் நிமிர்ந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது. அத்தான் தலையணைக்கு மேல் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்குள்ள பதினாறு பேரு அத்தான். சும்மா இல்ல."

"பதினாறு பேருக்கும் இங்கதான் சாப்பாடா மச்சான்?"

"கரன்ட்தான் சாப்பாடு."

அக்கா தன் ப்ரோக்ராமுக்கு உரிய சின்னப் பூட்டுச்சாவியை, பார்க்கப் பென்டிரைவ் மாதிரி கட்டைவிரல் அளவுதான் இருக்கும், கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகினாள். அது இல்லாமல் ப்ரோக்ராம் திறக்காது. குதிரை வந்தது. பிடரியில் ஒரு இழையைப் பிடித்துக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். திரையில் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. டோக்கன் அதைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமே இல்லடா" என்றாள். "ரொம்ப அமைதியா இருக்கு."

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் டோக்கன் தூங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், குதிரை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கிற சாக்கில், உண்மையில் இன்னொரு தடவை பாராட்டு வாங்கலாம் என்று, அக்கா வீட்டுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ மாவு மில் ஓட்டுகிற மாதிரி இரைச்சல். திறந்து பார்த்தால், புதுக் கம்ப்யூட்டர் பூப்போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. சமையல்கட்டு மேசையில் பழையது அலறிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டு, அதன் வயிற்றுக்கு நேராக மேசைமின்விசிறி ஒன்று காற்றடித்துக்கொண்டிருந்தது. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிடரியோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்லடா. புதுசுக்குக் கை பழகல. பழகினா சரியாயிடும்."

"மச்சான்," என்று முன்னறையிலிருந்து அத்தான் குரல் வந்தது, "பதினாறு பேரு வேலை பாக்கறாங்கன்னியே, எல்லாரும் டீ குடிக்கப் போனவங்க திரும்பி வரலப்பா."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா.

டோக்கன் போர்வையை எடுத்தார். சாவியை மாற்றிச் செருகச் சொல்லி, இழையை நகர்த்தச் சொன்னார். வட்டம் சுற்றியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது இன்னும் சுற்றியது. அத்தானுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அக்கா திரும்பி வந்தாள். அப்போதுதான் இழை நகர்ந்தது. பழையதைவிட மெதுவாக.

"பழுதான பெட்டியைத் தலையில கட்டிட்டானா?" என்றார் டோக்கன்.

"இல்லடா. எல்லாம் நல்லாத்தான் ஓடுது. சினிமா போட்டா நல்லா இருக்கு. அவரு ரெண்டு படம் பாத்தாரு."

"நாளை மறுநாள் சனிக்கிழமைக்கா."

"தெரியும். முடிச்சிடுவேன். பழசு அணையாம இருந்தாப் போதும்."

அது அணையாமல் இருக்கும் என்று அங்கே இருந்த மூவரில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. டோக்கன் எழுந்து வெளியே வந்தார். செருப்பு மாட்டும்போது கால் மாறிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்தார்.

மறுநாள் கூடத்தில் காலைக் கூட்டம் வடிந்த பிறகு, மூன்றாம் கவுன்ட்டர் முன்னால் ஒரே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மூட்டை. வேறு ஆஸ்பத்திரியிலிருந்து தன் அப்பாவை இங்கே மாற்றுவதற்காக வந்திருக்கிறார். அப்பா ஆயுள் முழுக்க நோயை ஒரு பொழுதுபோக்காக வைத்திருந்தவர் போலிருக்கிறது, அத்தனை காகிதம். கவுன்ட்டரில் இருந்த ஊழியர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பதிந்துகொண்டிருந்தார். மற்ற கவுன்ட்டர்களில் ஒரு அம்மாள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள், ஒருவர் கைப்பேசியில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார், ஒருவர் கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மூட்டைக்காரர், டோக்கனைப் பார்த்ததும், "சார், வந்து எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

பழக்கதோஷத்தில் டோக்கன் வாய் தானாகச் சொன்னது: "ஏம்மா, நாலு, அஞ்செல்லாம் சும்மாதானே இருக்கு? அங்கயும் போட்டு முடிக்க வேண்டியதுதானே?"

நகம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாள் தலையைத் தூக்கினாள். "எங்ககிட்ட குடுத்து என்ன சார் பண்றது? ஒருத்தர் கேசுதானே? முதல் சீட்டைப் பதிஞ்சாத்தான் அதுல வர நம்பரை ரெண்டாவதுல போட முடியும். ரெண்டாவது முடிஞ்சாத்தான் மூணாவது. நாங்க ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டா எதையும் எதோடயும் சேர்க்க முடியாது. நீங்க இன்னும் பத்து கவுன்ட்டர் கட்டினாலும், இவருக்கு ஒண்ணுதான்."

டோக்கன் அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு தையல் முடிகிற இடத்தில்தான் அடுத்த தையல் தொடங்குகிறது. ஊசி எங்கே போய் நின்றது என்று தெரியாமல், அடுத்து எங்கே போவது என்று கணக்குப் போட முடியாது. அக்காவின் குதிரை கூட்டம் அல்ல. ஆயிரக்கணக்கான காகிதத்தோடு வந்து நிற்கிற ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்குப் போய் அவர் பதினாறு கவுன்ட்டரைத் திறந்து வைத்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் ஒரு ஆமையை உட்காரவைத்து. பதினைந்து ஆமைகள் நகம் வெட்டுகின்றன. ஒன்று வேலை செய்கிறது, அதுவும் பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஆளைவிட மெதுவாக.

"என்ன சார், மயக்கமா?" என்றாள் அம்மாள்.

"இல்லம்மா. தெளிஞ்சிருக்கு." மூன்றாம் கவுன்ட்டர் ஊழியரைப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடித் தட்டுபவர். "நீங்க கொஞ்சம் எழுந்திரிங்க. இந்தம்மா உக்காரட்டும்." அந்தக் கூடத்திலேயே கைவேகக்காரி அவள்தான். அவள் உட்கார்ந்ததும் மூட்டை கரைய ஆரம்பித்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு டோக்கன் பஸ் ஏறினார்.

அக்கா சமையல்கட்டில் இருட்டான திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பழையது அணைந்திருந்தது. எத்தனையாவது தடவை என்று அவர் கேட்கவில்லை.

"அக்கா, தப்பு கம்ப்யூட்டர் மேல இல்ல. நான்தான் தப்பா வாங்கிட்டேன். உன் வேலைக்குக் கூட்டம் வேணாம், ஒரு கைவேகக்காரன் போதும். கிளம்பு, மாத்திட்டு வரலாம்."

"இப்பவா? இன்னும் பிடரியே முடியல. நீ வேற."

"முதல் நாளே உனக்குத் தெரிஞ்சிருக்குல்ல, இது இழுக்குதுன்னு?"

அக்கா அணைந்த திரையைத் துணியால் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? நான் என்ன மூணாவது மனுஷனா?"

"எப்படிடா சொல்றது? எப்ப வந்தாலும் செத்த மூஞ்சியோட வருவே. அன்னிக்குத்தான் சின்ன வயசுல இருந்த மாதிரி பல்லெல்லாம் தெரிய நின்னே. அதைப் பாத்து, நல்லா இல்லடா, எடுத்துட்டுப் போன்னு சொல்லச் சொல்றியா? எனக்கு வாய் வரல."

டோக்கன் கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார், அதற்கும் தெம்பில்லை.

"அட்டைப்பெட்டியாவது இருக்கா?"

"நான் என்னிக்குடா பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்கேன்?"

"கட்டில் அடியில இருக்கு மச்சான்," என்றார் அத்தான். "எங்க கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி பெட்டியும் பக்கத்துல இருக்கும், பாத்து எடு."

வாடகை ஆட்டோவில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் போனார்கள். அக்கா ஒரு வேலை செய்திருந்தாள். குதிரையைப் பென்டிரைவில் எடுத்து, பூட்டுச்சாவியையும் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவை நானே ஓட்டிப் பாத்துட்டுத்தான்" என்றாள்.

தாடிக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. "நான் அன்னிக்கே கேட்டேனே சார்" என்று சொல்ல வாயெடுத்து, டோக்கனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை விழுங்கிக்கொண்டார். நல்ல மனிதர்.

"பதினாறுக்குப் பதிலா ஆறு குடுங்க" என்றார் டோக்கன். கடையில் நின்ற மற்றவர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வாசலோரம் காட்சிக்கு வைத்திருந்த ஆறு கோர் கம்ப்யூட்டரில் அக்கா சாவியைச் செருகி, ப்ரோக்ராமை ஏற்றி, குதிரையைத் திறந்தாள். ஒரு இழையைப் பிடித்தாள். நகர்த்தினாள். வட்டம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இழை போய் உட்கார்ந்துவிட்டது. அக்கா கையை எடுத்துவிட்டாள், சுட்டது போல. மறுபடி தொட்டாள். இன்னொரு இழை. அதுவும் போனது. அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. கைப்பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"சரிங்கம்மா, டெஸ்ட் பண்ணியாச்சுல்ல, புதுப் பெட்டியை எடுத்துக் கட்டிடவா?" என்றார் தாடிக்காரர்.

"இரு தம்பி. பிடரி முடிச்சிட்டு வரேன்."

"இது காட்சிக்கு வெச்சதுங்கம்மா..."

"நானும் காட்சிதானே? நாலு பேரு பாக்கட்டும்."

பார்த்தார்கள். மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வந்த ஒருவர், குதிரையைப் பார்த்து நின்று, "இதுல இதெல்லாம் செய்யலாமா?" என்று கேட்டு, அதே மாதிரி ஆறு கோர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அதன்பின் தாடிக்காரர் அக்காவை எழுப்பப் பார்க்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டோக்கன் ஓரமாகப் பதினாறு கோர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். கண் விழித்தபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. திரையில் குதிரைக்கு வால் வரை முடிந்திருந்தது. அக்கா கழுத்தை இரண்டு பக்கமும் வளைத்துச் சொடுக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஃபைலை அங்கிருந்தே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டு, "எழுந்திரு, வீட்டுல உங்கத்தான் பட்டினி கிடப்பாரு" என்றாள்.

சனிக்கிழமை டோக்கனுக்கு லீவு. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அக்கா வீட்டுக்கே வந்து, அத்தானின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். புதுக் கம்ப்யூட்டர் ஜன்னலோரம் இருந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை. மதியம் சாப்பிட உட்காரும்போது தொழிற்சாலை மேனேஜர் ஃபோனில் கூப்பிட்டார். அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சொல்லுங்க சார்... ஆமா சார்... சரிங்க... சரிங்க... அப்படியா... சரிங்க சார்."

ஃபோனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"என்னவாம்?" என்றார் அத்தான், நிமிரக்கூடாத முதுகோடு நிமிர்ந்து.

"மூணு ஜாக்கெட் தைச்சுப் பாத்தாங்களாம். ஒரு இடத்துலயும் நூல் அறுபடலையாம். சீசன் முழுக்க நமக்குத்தானாம்."

அத்தான் கையைத் தட்டினார். முதுகு பிடித்துக்கொண்டதால் ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டார். டோக்கன் மேல்துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம்தான்டா. திங்கக்கிழமையே அடுத்ததை ஆரம்பிக்கணுமாம்." சோற்றை ஒரு தடவை பிசைந்தாள். "மயிலாம்."

"தோகை விரிச்சதா, மூடினதா?" என்று கேட்டார் டோக்கன்.

"விரிச்சது."

மூவரும் ஜன்னலோரம் இருந்த புதுக் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.